தலைக்கணக்கும் வண்டிக்கணக்கும்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது மலேசியக் குடும்பங்களில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. பிள்ளைகளை ஜொகூர் லெகோலேண்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். ஆனால் செலவுக்கு என்ன செய்வது? இதற்கு அத்தை மாமாவிலிருந்து அலுவலக நண்பர் வரை எல்லாரும் சொல்லும் யோசனை ஒன்றே: சொந்தக் காரில் போங்கள், பூங்கா ஹோட்டலில் தங்காதீர்கள், பக்கத்துத் தாமானில் வீடு எடுத்துக்கொள்ளுங்கள். யோசனை சரிதான். ஆனால் அது ஏன் சரி என்று விளக்குவோர் குறைவு. காரணம் தெரியாததால், அது பொருந்தாத இடத்திலும் அதையே பிடித்துக்கொண்டு மிச்சம் என்ற பெயரில் கூடுதலாகச் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் எளிது. கேளிக்கைப் பூங்கா தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. பேருந்தும் ரயிலும் விமானமும் அப்படியே வாங்குகின்றன. காரும் வாடகை வீடும் தலையை எண்ணுவதில்லை. ஒரு வண்டிக்கு ஒரு செலவு, ஒரு வீட்டுக்கு ஒரு வாடகை. ஆகவே காரில் போய் வெளியே தங்குவதன் லாபம் வழியிலும் இல்லை, ஊரிலும் இல்லை. உங்களோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஜொகூர்ப் பயணத்தை இந்த ஒரு கணக்கை வைத்தே எடைபோடலாம்.

முதலில் போகும் இடம். லெகோலேண்ட் மலேசியா 2012 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. டென்மார்க்கின் பில்லுண்டில் 1968-ல் தொடங்கிய இந்தப் பூங்கா வரிசையில் இது ஆறாவது, ஆசியாவில் முதலாவது. அப்போது நூசாஜெயா என்று பெயர் பெற்றிருந்த பகுதி இன்று இஸ்கந்தர் புத்ரி. அடுத்த ஆண்டே தண்ணீர்ப் பூங்காவும், 249 அறைகளோடு ஹோட்டலும் வந்தன. 2019-ல் கடலுயிர்க் காட்சியகம் சேர்ந்தது. ஏறத்தாழ 76 ஏக்கரில், இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட இடம் இது. ஆசிய நகரங்களின் அடையாளக் கட்டடங்களைச் சிறு செங்கற்களால் கட்டிவைத்திருக்கும் மினிலேண்ட் பகுதிதான் இதன் நடுநாயகம். இதன் பின்னணியில் ஓர் அரசுத் திட்டமும் இருந்தது. 2006-ல் அறிவிக்கப்பட்ட இஸ்கந்தர் மலேசியா வளர்ச்சி வட்டாரத்துக்கு ஆட்களை இழுத்துவர ஒரு காந்தம் தேவைப்பட்டது. பூங்காவைச் சுற்றி நெடுஞ்சாலைகள், மாநில நிர்வாக மையமான கோத்தா இஸ்கந்தர், அடுக்குமாடிகள், கடைவீடுகள் என்று ஒரு நகரமே எழுப்பப்பட்டது. பூங்காவுக்கு வெளியே தங்குவது இங்கே இவ்வளவு எளிதாக இருப்பதன் வேர் இந்தத் திட்டத்தில் இருக்கிறது.

இனி வழி. கோலாலம்பூரிலிருந்து இஸ்கந்தர் புத்ரி ஏறக்குறைய 330 கிலோமீட்டர். 1994-ல் முழுமையடைந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சிரம்பான், ஆயர் குரோ, பாகோ, யோங் பெங், மாச்சாப் என்று ஊர்ப் பெயர்கள் பலகைகளில் கடந்துபோக, மூன்றரை முதல் நான்கு மணி நேரத்தில் ஜொகூரின் தென்மேற்கு மூலையை அடையலாம். டோல் கட்டணம் 2020 பிப்ரவரியில் 18 விழுக்காடு குறைக்கப்பட்டது. இப்போது ஒரு வழிக்கு 40 ரிங்கிட்டை ஒட்டி வருகிறது. 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியக் குடிமக்களுக்கு மானிய விலையில் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட் என்று நிர்ணயிக்கப்பட்டது. போக வர 660, அங்கே சுற்ற 60 என்று 720 கிலோமீட்டர் வைத்துக்கொள்வோம். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் சிறிய கார் 48 லிட்டர் குடிக்கும். பெட்ரோல் சுமார் 95 ரிங்கிட், டோல் 80, மொத்தம் 175. இந்தத் தொகை காரில் ஒருவர் இருந்தாலும் 175தான், ஐவர் இருந்தாலும் 175தான். ஐவருக்குப் பிரித்தால் தலைக்கு 35 ரிங்கிட்டில் போய்த் திரும்பியாயிற்று.

இதையே பேருந்தோடு ஒப்பிடலாம். கோலாலம்பூரின் தெற்கு ஒருங்கிணைந்த பேருந்து நிலையத்திலிருந்து ஜொகூர் பாருவின் லார்க்கினுக்கு ஒரு வழிக் கட்டணம் 40 ரிங்கிட் என்று எடுத்துக்கொண்டால், ஒருவர் போய் வர 80, இருவருக்கு 160, மூவருக்கு 240, ஐவருக்கு 400. லார்க்கினிலிருந்து பூங்கா வரை வாடகைக் கார் வேறு. ஆக, தனியாகப் போகிறவருக்குப் பேருந்துதான் மலிவு. இருவருக்குக் கிட்டத்தட்ட சமம். மூன்றாவது ஆள் சேர்ந்த கணத்தில் கார் முந்திவிடுகிறது. 2025 டிசம்பரில் மின்ரயில் சேவை ஜொகூர் பாரு சென்ட்ரல் வரை நீண்டதால் தெற்கே போக வசதியான இன்னொரு வழி கிடைத்திருக்கிறது. நெரிசலில் சிக்காது, ஓட்டுநருக்கும் ஓய்வு. ஆனால் அதுவும் தலைக்குச் சீட்டு கேட்கும். இறங்கும் இடமோ ஜொகூர் பாரு நகர மையம், பூங்கா நகரின் மேற்குக் கோடியில் இருக்கிறது. புதுமணத் தம்பதிக்கு ரயில் நல்ல தேர்வு. மூன்று பிள்ளைகளும் ஒரு பாட்டியும் உள்ள வீட்டுக்குக் கணக்கு காரின் பக்கமே சாயும்.

தொலைவு கூடும்போது கணக்கு மாறுமா? மாறும். ஈப்போவிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். பினாங்கிலிருந்தோ சுங்கை பட்டாணியிலிருந்தோ புறப்பட்டால் ஏறக்குறைய 700. பெட்ரோலும் டோலும் இரட்டிப்பாகும் என்பது சிறிய விஷயம். ஒரே மூச்சில் ஓட்ட முடியாத தொலைவு என்பதால் வழியில் ஓர் இரவு தங்க வேண்டிவரும். விடுமுறையில் போகும் வழிக்கு ஒரு நாள், திரும்பும் வழிக்கு ஒரு நாள் கழியும். சம்பளத்தோடு கூடிய விடுப்பு நாள் இலவசம் என்று நினைப்பது தப்பு. அதுவும் செலவுக் கணக்கில் ஏற வேண்டியது. நான்கு பேர் கொண்ட வடமாநிலக் குடும்பம், முன்கூட்டியே பதிவு செய்த மலிவு விமானத்தில் செனாய் விமான நிலையத்தில் இறங்கி, அங்கே கார் வாடகைக்கு எடுப்பதையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் சிரம்பானிலோ மலாக்காவிலோ சித்தப்பா வீடு இருந்து, அங்கே ஓர் இரவு கழித்துப் போகிறவர்களுக்கு அந்த நாள் விரயமல்ல. அது பயணத்தின் இன்னொரு பயன். கார்ப் பயணத்துக்கு மட்டுமே உள்ள வசதி இது. எந்த ஊரிலும் இறங்கலாம், அதற்கு யாரும் தனிச் சீட்டு கேட்பதில்லை.

அடுத்து தங்குமிடம். லெகோலேண்ட் வாசலிலிருந்து சில நிமிடக் கார்த் தொலைவில் மெடினியின் அடுக்குமாடிகள் நிற்கின்றன. பத்துப் பதினைந்து நிமிடத்தில் புக்கிட் இண்டா, நூசா பெஸ்தாரி, கேலாங் பாத்தா. இன்னும் கொஞ்சம் போனால் ஸ்கூடாய். இங்கெல்லாம் மூன்று படுக்கையறை கொண்ட வீடுகள் நாள் வாடகைக்குக் கிடைப்பதும், அவை மலிவாக இருப்பதும் தற்செயல் அல்ல. சிங்கப்பூர், சீன முதலீட்டாளர்களை நம்பி இந்த வட்டாரத்தில் அளவுக்கு மீறிக் கட்டினார்கள். கேலாங் பாத்தாவுக்கு அருகே கடலை நிரப்பி எழுந்த ஃபாரஸ்ட் சிட்டி இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. தேசியச் சொத்துத் தகவல் மையத்தின் அறிக்கைகளில், விற்காமல் தேங்கிய சேவை அடுக்குமாடிகளின் பட்டியலில் ஜொகூர் ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் இருந்திருக்கிறது. வாங்கியவர்களோ குடியிருக்க வரவில்லை. வங்கித் தவணை மட்டும் மாதாமாதம் வருகிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டிலிருந்து வாரக் கடைசியில் ஏதாவது வந்தால் போதும் என்பதுதான் உரிமையாளரின் நிலை. பயணியின் மிச்சம் இந்தச் சந்தைத் தவறின் இன்னொரு முகம். எனவே இதை ஜொகூருக்கு உரிய வாய்ப்பாகப் பார்க்க வேண்டுமே தவிர, எல்லாப் பூங்காவுக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ளக் கூடாது.

கேளிக்கைப் பூங்காக்களின் வரலாறே இதற்குச் சாட்சி. வால்ட் டிஸ்னி, 1955-ல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் திறந்த முதல் பூங்காவுக்காக, ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த 160 ஏக்கரை வாங்கினார். பூங்காவைக் கட்டியதோடு கையிருப்பு கரைந்தது. டிஸ்னிலேண்ட் ஹோட்டலையே வேறொருவர்தான் கட்டி நடத்தினார். 1988 வரை அது டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு வரவில்லை. சுற்றிலும் மோட்டல்கள் முளைத்தன. கூட்டத்தை இழுத்தது பூங்கா, இரவு வாடகையை வாங்கியது அக்கம்பக்கத்தார். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட டிஸ்னி, ஃபுளோரிடாவில் 1960-களின் நடுவில் வேறு பெயர்களில் சத்தமில்லாமல் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிக் குவித்தார். 1971-ல் திறந்த அந்தப் பூங்காவின் வாசலிலிருந்து வெளியாள் ஒருவரின் விடுதிக்குப் போக வேண்டுமானால் பல மைல் கார் ஓட்ட வேண்டும். வெளியே தங்குகிறவர் எவ்வளவு மிச்சம் பிடிப்பார் என்பது, பூங்கா முதலாளி சுற்றுப்புற நிலத்தை எவ்வளவு தூரம் தன் கையில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. லெகோலேண்ட் மலேசியா அனஹைமின் இனம். வாசலுக்கு எதிரிலேயே பொது நகரம் தொடங்கிவிடுகிறது.

ஜொகூருக்குள்ளேயே மாற்று எடுத்துக்காட்டும் உண்டு. கிழக்குக் கரையில் 2018-ல் திறந்த டெசாரு கோஸ்ட் தண்ணீர்ப் பூங்காவுக்கு செனாய் டெசாரு நெடுஞ்சாலை வழியாகப் போகலாம். அங்கே கடற்கரையை ஒட்டி நிற்பவை பெரும்பாலும் உல்லாச விடுதிகள். சாதாரண நகரம் என்றால் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள பண்டார் பெனாவார்தான். ஜொகூர் பாருவில் மலிவு வீடு எடுத்துக்கொண்டு டெசாருவுக்குப் போய் வருவோம் என்று திட்டமிட்டால், ஒவ்வொரு நாளும் போக வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓட வேண்டும். டோலும் பெட்ரோலும் களைப்பும் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தக் கரையில் ஒரு நாள் மழையில் போனால் மொத்தமும் வீண். வெளியே தங்குவது என்றால் எவ்வளவு வெளியே என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். இருபது நிமிடத்துக்குள் என்றால் மிச்சம். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் ஏமாற்றம்.

வாடகைக்கும் தலைக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் நாளுக்கு நாள் மாறுபவை என்பதால் கணக்குக்காக மட்டும் இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம்: பூங்கா ஹோட்டல் அறை இரவுக்கு 800 ரிங்கிட், வெளியே மூன்று படுக்கையறை வீடு 300. ஹோட்டலின் குடும்ப அறையில் பெற்றோருக்கு ஒரு கட்டில், பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் என்று ஐவர் வரை படுக்கலாம். நால்வர் என்றால் ஓர் இரவில் வித்தியாசம் 500. ஆனால் ஹோட்டல் விலையில் காலை உணவும் அடக்கம், அதைக் கழித்தால் 400-க்குக் கீழே இறங்கும். தாத்தா பாட்டி, ஒரு சித்தி என்று ஏழு பேர் ஆனால் ஹோட்டலில் இரண்டு அறை, 1,600 ரிங்கிட். வீட்டு வாடகை அதே 300. வித்தியாசம் 1,300. அதே ஊர், அதே பூங்கா, அதே நாள். ஆள் கூடியதும் மிச்சம் இரண்டரை மடங்குக்கு மேல் தாவுகிறது. தனியே ஒரு பிள்ளையோடு வரும் தாய்க்கு இந்தக் கணக்கு இவ்வளவு கவர்ச்சியாக இருக்காது. மூன்று படுக்கையறை வீட்டுக்கு அவர் கொடுக்கும் வாடகையில் இரண்டு அறை சும்மா கிடக்கும். புக்கிட் இண்டாவில் ஒரு சாதாரண ஹோட்டல் அறையே அவருக்குப் போதும்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சேர்க்காமல் கணக்கை முடிக்கக் கூடாது. துப்புரவுக் கட்டணம், முன்பணம், பதிவுத் தளத்தின் கட்டணம், பூங்காவில் கார் நிறுத்தும் கட்டணம் ஆகியவை முதலில் கண்ணில் படும் விலையில் இருப்பதில்லை. வெளிநாட்டினர் என்றால் தங்குமிடத்தில் அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் உண்டு. சட்டப் பக்கமும் இருக்கிறது. அடுக்குமாடி நிர்வாகக் குழு தன் விதிகளின் வழியாகக் குறுகிய கால வாடகையைத் தடை செய்யலாம் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. தடை உள்ள கட்டடத்தில் யாரோ ஒருவர் ரகசியமாக விடும் வீட்டை எடுத்தால், இரவு பத்து மணிக்குக் காவலாளி வாசலில் நிறுத்திவைக்கும்போது பிள்ளைகளோடு நிற்கப்போவது நீங்கள்தான். வாடகை பேசும்போதே நிர்வாகம் அனுமதிக்கிறதா, கார் நிறுத்த இடம் உண்டா என்ற இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு வலுவானது: பூங்கா ஹோட்டல் வெறும் படுக்கை அல்ல, அதுவே பொழுதுபோக்கின் பாதி. கடற்கொள்ளையர் அறை, கோட்டை அறை, பிள்ளைகள் தேடித் திறக்கும் புதையல் பெட்டி எல்லாம் அங்கேதான். அதைவிட முக்கியம், பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரைப் பாகை வடக்கே உள்ள இந்த ஊரில் நண்பகல் வெயில் திறந்தவெளிப் பூங்காவில் நிற்கவிடாது. பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவதும் சாதாரணம். ஹோட்டலில் இருப்பவர் நடந்துபோய்ப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு மாலையில் திரும்பலாம். மூன்று நான்கு வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்கு இந்த வாதம் பெரும்பாலும் சரி. ஓர் இரவு மட்டும் தங்குகிற, நால்வருக்கு மிகாத குடும்பம், கடைசிப் பிள்ளை ஐந்து வயதுக்குள் என்றால், உள்ளே தங்குவதை ஊதாரித்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை பகலில் தூங்கப்போவதில்லை. வெயில் ஏறியதும் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போனால் போதும். மெடினியில் தங்கியிருப்பவரும் சில நிமிடத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்பலாம். ஆகவே இந்த மறுப்பு கணக்கை உடைக்கவில்லை. பிள்ளையின் வயதையும் அதில் சேர்க்கச் சொல்கிறது.

இரண்டாவது மறுப்பு உயிர் சம்பந்தப்பட்டது. மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். 2023-ல் மட்டும் 6,443 பேர். கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் பார்த்தால் ரயிலும் விமானமும் காரைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானவை. இந்த உண்மையை டோல் மிச்சத்தால் மறைக்க முடியாது. செய்யக்கூடியது என்னவென்றால், மிச்சத்தின் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்குத் திருப்பிச் செலவழிப்பது. வேலை முடிந்த வெள்ளிக்கிழமை இரவே புறப்பட்டு ஓர் இரவு வாடகையை மிச்சம் பிடிக்கும் பழக்கம்தான் இந்தப் பயணத்தின் மிக மோசமான சிக்கனம். காலையில் புறப்படுவது, பாகோவிலோ மாச்சாப்பிலோ ஓய்விடத்தில் நிறுத்தித் தே தாரேக் குடிப்பது, ஓட்டக்கூடியவர் இருவர் இருப்பது, பிள்ளைகளுக்கு உரிய இருக்கையைப் பொருத்துவது, 110 கிலோமீட்டர் வரம்பை மதிப்பது ஆகியவை கூடுதல் வசதிகள் அல்ல, காரில் போவதற்கான நிபந்தனைகள். இவற்றை ஏற்க முடியாதவர் ரயில் சீட்டுக்குப் பணம் கொடுப்பதே சிக்கனம்.

மூன்றாவது மறுப்பை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வீட்டில் சமைக்கிறவர் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறார். வெளியே வீடு எடுத்தால் அடுப்பு இருக்கிறது, சமைத்துக்கொண்டால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடும் கணவருக்கு, அந்த மிச்சத்தை யார் உழைத்துத் தருகிறார் என்பது தெரிவதில்லை. காலை ஆறு மணிக்கு நெத்திலிச் சம்பால் கிளறி, இரவு பாத்திரம் கழுவி, கிளம்பும் நாளில் வீட்டைக் கூட்டிவிட்டு வரும் அம்மாவுக்கு அது விடுமுறையே இல்லை. ஒருவரின் ஓய்வைப் பறித்துச் சேர்த்த பணத்தைச் சேமிப்பு என்று எழுதக் கூடாது. நல்லவேளையாக ஜொகூரில் இதற்குச் சுலபமான பதில் இருக்கிறது. பூங்கா வேலிக்கு வெளியே வந்துவிட்டால் சாப்பாடு மலிவு. ஸ்கூடாய், தாமான் உங்கு துன் அமினா வட்டாரத்தில் தமிழர் நடத்தும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு; எந்தத் தாமானிலும் காலையில் ரொட்டி சானாய், தோசை, நாசி லெமாக் கிடைக்கும். தண்ணீர், பழம், பால் தவிர வேறெதற்கும் சமையலறைப் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்தாலும் காரும் வீடும் தரும் லாபம் குறையாது. அந்தக் காசு அக்கம்பக்கத்துக் கடைக்காரருக்குப் போகிறது என்பது கூடுதல் நன்மை.

சிங்கப்பூர்த் தமிழருக்கு இந்தக் கணக்கின் வடிவமே வேறு. 1998-ல் திறந்த துவாஸ் இரண்டாவது பாலம் பூங்காவுக்கு மிக அருகில் இறக்கிவிடுகிறது; தொலைவு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் வெளிநாட்டுப் பதிவு கொண்ட கார் நுழைய 20 ரிங்கிட் சாலைக் கட்டணம், 2025 ஜூலை முதல் கண்டிப்பாக்கப்பட்ட வாகன நுழைவு அனுமதி, அது இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும். ரோன் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளுக்கு மலேசியாவில் விற்பதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனைச் சாவடி நெரிசல். காலையில் போய் இரவில் திரும்புவோர் தங்கும் செலவை மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார்கள். விடுமுறைக் காலத்தில் அந்த மிச்சத்துக்கு விலையாகப் பல மணி நேரத்தைச் சாவடி வரிசையில் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் இருக்கும்போது, புக்கிட் இண்டாவில் ஓர் இரவு வாடகை அந்த நேரத்தைத் திரும்ப வாங்கித் தருகிறது. நெரிசல் இல்லாத முற்பகலில் நுழைந்து, மறுநாள் அதேபோலத் திரும்பலாம். அவர்களுக்கு வெளியே தங்குவது பணத்தைவிட நேரத்தைச் சேமிக்கும் வழி.

தமிழ்நாட்டிலிருந்து வருவோரும் கூடியிருக்கிறார்கள். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு நடைமுறையில் இருப்பதும், திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் இருப்பதும் காரணம். இவர்கள் உள்ளூரார் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்ரோல் மானியம் இவர்களுக்கு இல்லை. கார் வாடகை தனிச் செலவு. அனைத்துலக ஓட்டுநர் உரிமமும் கையில் இருக்க வேண்டும். நால்வர் வரை ரயிலோ பேருந்தோ போதும். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு பெரிய வண்டியைப் பகிர்ந்துகொண்டால்தான் கார் கட்டுப்படியாகும். வெளியே வீடு எடுக்கும் பாதி யோசனை மட்டும் இவர்களுக்கும் பொருந்தும். காரில் போகும் பாதியை ஆளெண்ணிக்கையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எந்த நாளில் போவது என்பதும் கணக்கில் ஒரு வரி. 2014 முதல் ஜொகூரில் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்தது; 2025 ஜனவரி 1 முதல் அது சனி, ஞாயிறாக மாறிவிட்டது. முன்பு ஞாயிற்றுக்கிழமை ஜொகூர்க்காரர் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருப்பார்கள். இப்போது ஜொகூர், கோலாலம்பூர், சிங்கப்பூர் மூன்று கூட்டமும் ஒரே நாளில் ஒரே வாசலில் நிற்கின்றன. சிங்கப்பூரின் ஜூன் மாதப் பள்ளி விடுமுறையும் சேர்ந்தால் வாடகை ஏறும், வரிசை நீளும். பெருநாள்களையொட்டி அரசு டோல் சலுகை அறிவிப்பதுண்டு. ஆனால் அந்த நாளில் நெடுஞ்சாலையில் ஊர்ந்துபோகும் பெட்ரோல் செலவு சலுகையைச் சாப்பிட்டுவிடும். உள்ளே தங்குகிறவருக்கு அறை விலை ஏறினாலும் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. வெளியே தங்குகிறவருக்கு வாடகை, சாலை, நிறுத்துமிடம் மூன்றும் ஒருசேர நெருக்கும். ஆகவே வெளியே தங்கும் வழி வார நாளில்தான் முழுப் பலன் தரும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. காரிலும் வீட்டிலும் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும், நுழைவுச்சீட்டு தலைக்குத்தான். பெரியவர் ஒருவருக்கு முழு விலை 200 ரிங்கிட்டைத் தாண்டும். மலேசியர் அடையாள அட்டைக்கான சலுகை, முன்பதிவுத் தள்ளுபடி, மூன்று வயதுக்குக் கீழ் இலவசம் ஆகியவற்றைப் பயன்படுத்தாமல் வாசலில் நின்று ஏழு சீட்டு வாங்கினால் வாடகையில் பிடித்த மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். சவாரி ஏறாத தாத்தாவும் பாட்டியும் உள்ளே வர வேண்டுமா என்று அவர்களையே கேட்டுவிடுவது மரியாதை. அவர்களுக்கு ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் இன்னும் பிடித்த இடமாக இருக்கக்கூடும், நாம் கொண்டுபோன கார் அங்கும் போகும். எனவே புறப்படும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: எத்தனை பேர், கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, எத்தனை இரவு. ஐந்து பேரும் அதற்கு மேலும், பிள்ளை ஆறு வயதைத் தாண்டியது, இரண்டு இரவு என்றால் தயங்காமல் காரை எடுங்கள், இருபது நிமிடத்துக்குள் வீடு பாருங்கள். மூன்று பேர், கைக்குழந்தை, ஓர் இரவு என்றால் ரயிலையும் பூங்கா ஹோட்டலையும் விலை கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள் இரண்டு வழியையும் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகே முன்பணம் கட்டட்டும்.